நாற்பத்தோராவது ஓட்டு

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளை போட்டு, மடிப்பு மடிப்பாக வரும் அந்தக் காலத்து பிரிண்டர் தாள். மசி மங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டால் படிக்கலாம். மேலே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. கீழே ‘சொல்வேன்’, ‘சொல்ல மாட்டேன்’ என்று பொருள்படும் இரண்டு பட்டைகள். ஒன்றின் நுனியில் இருபத்தொன்று, மற்றதன் நுனியில் இருபது. வலது ஓரத்தில் பென்சிலால் போட்ட ஒரு கேள்விக்குறி. தி.நகர் வீட்டைக் காலி செய்து கோட்டூர்புரம் போனபோதும், அங்கிருந்து மகன் வாங்கிய பாலவாக்கம் ஃபிளாட்டுக்கு வந்தபோதும் கல்யாண ஆல்பத்தைக்கூடத் தொலைத்தேன், இதைத் தொலைக்கவில்லை. அந்தக் கேள்விக்குறி என்னைக் குறித்துப் போட்டது என்றே போன மாதம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடையாறில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் சமூக அறிவியல் நடத்தினேன். பிள்ளைகளுக்கு நான் சோஷியல் மிஸ். பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. காய்காரர் நிறுத்துக்கொடுத்தால் தராசுத் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். வயிற்றுவலி என்று எந்தப் பெண்ணாவது வந்து நின்றால் எந்தப் பக்கம் என்று கேட்பேன், ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்பேன், இரண்டு தடவையும் ஒரே பக்கம் கை போனால்தான் வீட்டுக்கு அனுப்புவேன். போதாததற்குத் தேர்தல் வேலை வேறு. தேர்தல் வந்தால் வாத்தியார்களைத்தானே பிடித்துப் போடுவார்கள்? ஒரு முறை, விரலில் மையை அழித்துக்கொண்டு இரண்டாம் தடவை வந்த ஆளை, விரலில் எலுமிச்சம்பழ வாசனை அடித்ததை வைத்தே பிடித்தேன். பூத்துக்குள் நின்றுகொண்டு வாக்காளர்களை மிரட்டிய கட்சி ஏஜென்டிடம், எழுந்து நின்று, “வெளியில போங்க சார்” என்றேன். ஆள் போய்விட்டார். இந்த இரண்டு கதைகளையும் ஸ்டாஃப் ரூமில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்கு இன்டர்நெட் வந்தது. மாடியில் ஒரு ஏசி அறை, எட்டுக் கம்ப்யூட்டர்கள், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இன்டர்நெட். கோயிலுக்குள் போகிற மாதிரி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு மானிட்டர்களின் நெற்றியில் காய்ந்து கிடக்கும். தூசி ஆகாது என்று அந்த அறையில் மட்டும் சாக்பீஸ் கிடையாது. வெள்ளைப் பலகை, மார்க்கர் பேனா. டெலிபோன் லைன் ஒன்றுதான். மாடியில் இன்டர்நெட் போட்டால் கீழே ஹெச்.எம். மேடத்தின் போன் செத்துவிடும். “மேல என்ன பண்றாங்க, போய்ப் பாருங்க” என்று மேடம் நாளுக்கு நாலு தடவை ஆயாவை ஏற்றுவார். இத்தனைக்கும் காரணமானவள் கம்ப்யூட்டர் மிஸ்.

இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மயிலாப்பூரில் மாட வீதிப் பக்கத்துக் குடும்பம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்து ஒயரைச் சரிபார்ப்பாள், எழும்போது தலையை இடித்துக்கொள்வாள், தானே சிரித்துக்கொள்வாள். அப்பா உடம்பு முடியாமல் படுத்துவிட்டார், தம்பி படித்துக்கொண்டிருந்தான். அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. அந்த வருடக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். “பர்மனென்ட் ஆயிட்டா ஆத்துல எல்லாரும் நிம்மதியா தூங்குவா மிஸ்” என்று என்னிடமே ஒரு முறை சொன்னாள். மனதில் இருப்பதை இப்படிப் பட்டென்று போட்டு உடைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். இவள் எதற்கு என்னிடம் இதைச் சொல்கிறாள் என்று அன்று பஸ்ஸில் வீடு போகும் வரை யோசித்தேன்.

இன்டர்நெட்டில் ஏதோ ஒரு தளத்தில் இலவசமாக ஓட்டெடுப்புப் பக்கம் செய்துகொள்ளலாம் என்று அவள் கண்டுபிடித்து, என்னுடைய ஒன்பதாம் வகுப்பில்தான் அதைத் தொடங்கினாள். நான் வகுப்பாசிரியை. வரிசையில் நிறுத்தி அழைத்துப் போய்ப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த நீலப் போர்வையை அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் திரையாகக் கட்டியிருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போய் ஒரு பட்டனை அழுத்திவிட்டு வர, இவள் வெளியில் நின்று பெயர்ப் பட்டியலில் டிக் போட்டாள். எல்லாரும் முடித்த பிறகு எண்ணிக்கை திரையில் தெரியும். முதல் கேள்வி, பரீட்சையில் காப்பியடிப்பது தவறா? நாற்பது பெண்களும் தவறு என்று அழுத்தியிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் பலகையில் நாற்பது என்று பெரிதாக எழுதினாள். “நாப்பதுக்கு நாப்பது! எனக்கு பயமா இருக்கு. வேற யாருக்கெல்லாம் பயமா இருக்கு?” என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி மெதுவாக, மிஸ் பார்த்துவிடுவார்களோ என்று தவறு என்பதை அழுத்தினேன் என்றாள். இன்னொருத்தி, கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறதே என்றாள். முக்கால் மணி நேரம் அதே பேச்சு.

அடுத்த வாரம் வகுப்பை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதிக்கு, மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை விடலாமா என்று கேள்வி. மறுபாதிக்கு, மழைக்கு விடுமுறை விட்டு, அதற்குப் பதில் சனிக்கிழமை வகுப்பு வைக்கலாமா என்று கேள்வி. முதல் பாதி குதித்துக்கொண்டு ஆம் போட்டது, மறுபாதி இல்லை என்றது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டுச் சொன்னாள்: “மழை ஒண்ணுதான், நீங்களும் ஒரே கிளாஸ்தான். கேள்வியை யார் எழுதினா, எப்படி எழுதினான்னு முதல்ல பாருங்கோ. எத்தனை பேர் என்ன சொன்னாங்கறது அப்பறம்.” பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அது பிடித்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஸ்டாஃப் ரூமில், “வித்தை காட்றாப்பா” என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து என் வகுப்பில் அது நடந்தது. குடிமையியல் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடத்தை முடிக்கும் அவசரம். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை கலைக்கப்படும் என்று சொல்லிவிட்டேன். நாலாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். ஊரூர் குப்பத்துப் பெண். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு ஐந்து மணிக்கு வரும் வரை பள்ளி மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பாள். “மிஸ், மேல்சபையைக் கலைக்கவே மாட்டாங்கன்னு புக்ல போட்டுக் கீதே?” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அவள் சொன்ன அந்த நொடியே என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. “முதல்ல ஒழுங்கா பேசக் கத்துக்கோ. உக்காரு” என்றேன். மறுநாள், ஏன் என்று சொல்லாமல், நோட்ஸைத் திருத்தி மறுபடியும் எழுதச் சொன்னேன். நாற்பது பேனாக்களும் அடித்துவிட்டு எழுதின. யாரும் தலை நிமிரவில்லை.

அந்த வாரமே கம்ப்யூட்டர் மிஸ் மூன்றாவது கேள்வியைப் போட்டாள். பாடம் நடத்தும்போது ஆசிரியர் தவறாகச் சொன்னால் எழுந்து சொல்வீர்களா? எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. யாரைக் குறி வைத்து இந்தக் கேள்வி? அந்தக் குப்பத்துப் பெண் போய்ச் சொல்லியிருப்பாளோ? இரண்டு பேரும் சேர்ந்து செய்கிறார்களோ? அதற்குப் பிறகு நான் மாடிக்குப் போகவே இல்லை. பேப்பர் திருத்த வேண்டும் என்று சொல்லி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொள்வேன், மேலே கேட்கும் சிரிப்பு ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருக்கும். முதல் தடவை எட்டுப் பேர்தான் சொல்வேன் என்று போட்டார்களாம். ஒரு மாதம் பேசவிட்டாள். ஏன் சொல்லக் கூடாது, சொன்னால் என்ன நடக்கும், எப்படிச் சொன்னால் ஆசிரியருக்கு வலிக்காது என்று பிள்ளைகளை மாற்றி மாற்றி வாதாட வைத்தாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அதே கேள்விக்கு மறுபடியும் ஓட்டு.

அன்று மாலை நான் மாடி ஏறினேன். பள்ளி விட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. லேப் திறந்திருந்தது. நிரந்தர வேலைக்கான மனுவில் கையெழுத்துப் போட ஆபீஸில் அழைக்கிறார்கள் என்று அவள் போட்டது போட்டபடி கீழே ஓடியிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பலகையில் அவள் கையெழுத்தில் 20, 20 என்று இருந்தது. நீலப் போர்வையை விலக்கினேன். திரையில் அந்தக் கேள்வி, கீழே இரண்டு வட்டங்கள். என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மவுஸை அதற்கு முன்னால் நான் தொட்டதில்லை. தொட்டேன். அம்பு எங்கெங்கோ ஓடியது. கை தவறிப் பட்டுவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பச்சைப் பொய். அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குள் ஒரு வீறாப்பு வந்தது. இதென்ன பெரிய கேள்வி? கட்சி ஏஜென்டையே எழுந்து நின்று வெளியே போகச் சொன்னவள் நான். பதிலைச் சரியாகத் தேர்ந்தெடுத்துத்தான் அழுத்தினேன். சொல்வேன். திரை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இருபத்தொன்று என்று காட்டியது. அப்போதுதான் புத்தி வந்தது. இருபது வருடம் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று பாடம் நடத்திய நான் கள்ள ஓட்டுப் போட்டிருந்தேன்.

திரும்பினால் வாசலில் துடைப்பத்தோடு ஆயா. “இன்னா மிஸ், இந்நேரத்துல இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?” என்றாள். “சாக்பீஸ் இருக்கான்னு பார்த்தேன் ஆயா” என்றேன். சாக்பீஸே இல்லாத அறை அது, தினம் பெருக்குகிறவளுக்குத் தெரியாதா? செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் மிஸ் அந்தத் தாளை அச்செடுத்து வகுப்புக்கே எடுத்து வந்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் கிழித்துப் போட்டுவிட்டு இருபது இருபது என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். வருகைப் பதிவேட்டோடு நான் வாசலில் நின்றிருந்தேன். அவள் குழந்தையாட்டம் உற்சாகமாக இருந்தாள். “நேத்து சாயங்காலம் சரிபாதி. இன்னிக்குக் காத்தால ஒண்ணு கூட இருக்கு. நாம நாப்பது பேர்தானே? இந்த ஒண்ணு எங்கேர்ந்து வந்தது? கண்டுபிடிங்கோ பாக்கலாம்” என்றாள். நாலாவது பெஞ்ச்தான் முதலில் எழுந்தது. “எல்லாரும் நாலு மணிக்குள்ள ஊட்டுக்குப் பூட்டாங்க மிஸ். அதுக்கப்புறம் மேல யாரு வந்தாங்கன்னு பாக்கணும்.” பக்கத்துப் பெண், “நீதான்டி அஞ்சு மணி வரைக்கும் இருப்பே” என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. “நான் கிரவுண்டுலதான் இருந்தேன், மேல வரவே இல்ல” என்று இவள் திருப்பிச் சொன்னாள். கம்ப்யூட்டர் மிஸ்ஸும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, அந்தப் பெண்ணை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். என் பயத்தில் அதற்கு அர்த்தம் தேடத் தோன்றவில்லை.

மதியம் அந்தப் பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். சாவி வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டுக்கு நான்தான் பொறுப்பு. “மிஸ், சாவி நோட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?” என்றாள். நோட்டை டிராயருக்குள் தள்ளினேன். “நீ என்ன போலீஸா?” என்றேன். “இல்ல மிஸ். யாருன்னு தெரியலன்னா எங்களைத்தான சந்தேகப்படுவாங்க?” என்றாள். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நோட்டில் ஒன்றும் இருக்காது, சாவி வாங்காமல் திறந்திருந்த அறைக்குத்தானே போனேன்! ஆனால் இவள் நோட்டோடு நிற்க மாட்டாள், அடுத்து ஆயாவிடம் போவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளை விரட்டிவிட்டு நேராக ஹெச்.எம். அறைக்குப் போனேன். டீச்சர்களின் கையெழுத்து நோட்டை மாணவிகள் சோதனை போட வருகிறார்கள், இதெல்லாம் அந்த ஓட்டெடுப்பு படுத்தும் பாடு என்று போட்டுக்கொடுத்தேன். போட்டுக்கொடுத்தேன் என்பதற்கு வேறு நல்ல வார்த்தை இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் ஆசிரியர் கூட்டம் நடக்கும். கடைசியில் மேடம், “யாருக்காவது ஏதாவது சொல்ல இருந்தா எழுந்து சொல்லலாம்” என்பார். யாரும் எழ மாட்டோம். வடையும் காபியும் வரும். பல வருடப் பழக்கம் அது. அன்று மேடம் ஒரு ஃபைலிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜையில் விரித்தார். “நாப்பது பொண்ணுங்க, நாப்பத்தியொரு ஓட்டு. அதுவும் அந்த ஒரு ஓட்டாலதான் டீச்சரை எதிர்த்துப் பேசுவோம்னு ஜெயிச்சிருக்கு. இதை யார் போட்டான்னு கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்கே தெரியாதாம். அவங்களே போட்டாங்களான்னு நான் கேட்கக் கூடாதா?” என்றார். கம்ப்யூட்டர் மிஸ் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மனு அதே ஃபைலில்தான் இருந்தது, அது எல்லாருக்கும் தெரியும். “யாருக்காவது தெரிஞ்சா எழுந்து சொல்லலாம்” என்றார் மேடம்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எழ வேண்டும் என்று என் கால்களுக்குத் தெரியும். நாற்காலியின் கைப்பிடியை அழுத்தக்கூடச் செய்தேன். அந்த நேரம் பார்த்து மேடம் என் பக்கம் திரும்பினார். “நீங்கதான் எலெக்‌ஷன் டியூட்டி எல்லாம் பார்த்தவங்க. ஒரு பூத்துல இப்படி ஒரு ஓட்டு கூட இருந்தா யாரைக் கேப்பாங்க?” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் மிஸ்ஸும் பார்த்தாள், நான் ஏதோ காப்பாற்றப்போகிறேன் என்பது போல. உட்கார்ந்தபடியே சொன்னேன். “பூத்துக்குப் பொறுப்பா இருக்கறவங்களைத்தான் கேப்பாங்க மேடம்.”

சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அதுதான் கொடுமை. கம்ப்யூட்டர் மிஸ் எழுந்தாள். கூட்டத்தில் நான் பார்க்க எழுந்து நின்ற முதல் ஆள் அவள்தான். “சோஷியல் மிஸ் சொல்றது சரிதான். மிஷினை மூடாம கீழ வந்தது நான். அது என் தப்பு. குழந்தைகள் யாரையும் இதுல இழுக்க வேண்டாம்” என்றாள். எதற்காகக் கீழே வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, அழைத்த மேடமும் சொல்லவில்லை. வடை வந்தது. நான் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ஆயாவைக் கூப்பிட்டு மேடம் விசாரித்தார். “எனக்கு இன்னாம்மா தெரியும், பெருக்கினேன், பூட்டினேன்” என்றாளாம். அன்று மாலை ஸ்டாஃப் ரூமைப் பெருக்க வந்தவள், நான் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை நிறுத்தினாள். “நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன் மிஸ்” என்றாள். அவ்வளவுதான். பிறகு நாற்காலிகளை நகர்த்திப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஓட்டெடுப்பு நின்றது. நீலப் போர்வை இறங்கியது. வருடக் கடைசியில் அவளை நிரந்தரமாக்கவில்லை, அடுத்த வருடத்துக்குத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து அந்தத் தாளை என் கையில் கொடுத்தாள். ஓரத்தில் பென்சில் கேள்விக்குறி அப்போதே இருந்தது. “இதை நீங்க வச்சுக்கோங்கோ மிஸ். உங்க கிளாஸ் விஷயம்தானே” என்றாள். என் முகத்தைக் கூர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. தெரிந்துகொண்டு கொடுக்கிறாளா, தெரியாமல் கொடுக்கிறாளா? குத்திக்காட்டுகிறாளா, மன்னிக்கிறாளா? தராசுத் தட்டுக்கு அடியில் பார்க்கிற புத்தி விடுமா? அந்தக் கேள்விக்குறியை எத்தனை ராத்திரி நினைவில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்! அவளுக்குத் தெரியும் என்றே கடைசியில் முடிவு கட்டினேன். தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியமும் இருந்தது. மன்னிப்புக் கேட்கும் வேலை மிச்சம். நாலாவது பெஞ்ச் பெண் பத்தாம் வகுப்பிலும் என்னிடம்தான் படித்தாள். அந்த வருடம் முழுக்க ஒரு முறைகூட அவள் எழுந்து கேள்வி கேட்கவில்லை. நான்தான் அவளுடைய நடத்தைச் சான்றிதழை எழுதினேன். அடக்கமான மாணவி என்று எழுதினேன்.

இப்போது ஓட்டெடுப்புக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஃபிளாட் குரூப்பில் தண்ணீர் மோட்டாரை எத்தனை மணிக்குப் போடலாம் என்பதற்கு ஒன்று, பூச்சி மருந்து எந்தக் கிழமை அடிக்கலாம் என்பதற்கு ஒன்று. யார் எதை அழுத்தினார்கள் என்று பெயரோடு காட்டிவிடுகிறது. நான் எதையும் அழுத்துவதில்லை. போன மாதம் பழைய ஆசிரியைகள் குரூப்பில் ஒன்று வந்தது. எல்லாரும் கூடிச் சாப்பிடலாம், மயிலாப்பூரா அடையாறா? சும்மா விரலால் தள்ளிப் பார்த்தேன். மயிலாப்பூர் என்பதற்குக் கீழே கம்ப்யூட்டர் மிஸ்ஸின் பெயர் இருந்தது. யாரோ அன்றுதான் அவளைச் சேர்த்திருக்கிறார்கள். போனை மேஜையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். அன்று மதியம் கூப்பிட்டுவிட்டேன்.

குரல் மாறவில்லை. எங்கள் பள்ளியை விட்ட பிறகு எந்தப் பள்ளியிலும் சேரவில்லை, ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவிலேயே காலம் போய்விட்டது என்றாள். “கிளாஸ் எடுக்கற மாதிரி இன்னமும் கனவு வரும் மிஸ்” என்று சிரித்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை எனக்கு. “அந்த நாற்பத்தோராவது ஓட்டு நான் போட்டதும்மா” என்று சொல்லிவிட்டேன். எந்த ஓட்டு என்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. செருப்பைக் கழற்றியதிலிருந்து ஆயா வரைக்கும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், தெரியும் மிஸ் என்பாள் என்றும் எதிர்பார்த்தேன்.

“ஐயோ” என்றாள். “நான் அந்தக் குழந்தைன்னு நினைச்சிண்டிருந்தேனே மிஸ்.”

எந்தக் குழந்தை என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. “குப்பத்துலேர்ந்து வருவாளே, நாலாவது பெஞ்ச். அவதானே அஞ்சு மணி வரைக்கும் ஸ்கூல்ல இருப்பா. மறுநாள் அவளே முதல் ஆளா எழுந்து துப்பறிஞ்சப்போ, போட்டவளே தேடற மாதிரி நடிக்கறான்னு தோணித்து. அவ பேர் வெளில வந்தா டி.சி. கொடுத்து அனுப்பிடுவாளேன்னுதான் அன்னிக்கு என் தப்புன்னு எழுந்தேன். அந்தக் கேள்விக்குறியும் அவளுக்குப் போட்டதுதான். கிளாஸ் மிஸ் நீங்க, என்னிக்காவது உங்ககிட்ட வந்து ஒத்துப்பாளோன்னு தாளைக் கொடுத்தேன்.” பிறகு அவளே சொன்னாள். “கடைசி நாள் வந்து என் கையைப் பிடிச்சிண்டு அழுதா மிஸ். நான் கையை உதறிட்டேன். இனிமேலாவது நேர்மையா இருன்னு சொன்னேன். எதையும் நம்பறதுக்கு முன்னாடி கேள்வி கேளுன்னு வருஷம் பூராவும் சொன்னவ நான். அவளை ஒரு வார்த்தை கேக்கலை. அவ ஒண்ணுமே சொல்லாம போயிட்டா.” என்னைப் பற்றி அவள் கோபமாக எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. மயிலாப்பூர் சாப்பாட்டுக்கு நான் வர வேண்டாம் என்று மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டாள். சரி என்றேன்.

விசாரித்ததில் அந்தப் பெண் இன்னும் ஊரூர் குப்பத்தில்தான் இருக்கிறாள் என்று தெரிந்தது. அம்மாவுக்குப் பிறகு அவளே மார்க்கெட்டில் மீன் விற்கிறாளாம். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், எல்லாமே என்னால்தான் என்று சொல்லிக்கொண்டால் அதுவும் ஒரு பெருமையடிப்பாகிவிடும். நேர்மையா இரு என்று அவள் காதில் விழுந்த அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குச் சேர வேண்டியது. அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஃபைலிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்திருக்கிறேன். சொல்வேன், இருபத்தொன்று. கேள்விக்குறிக்குப் பக்கத்தில் பேனாவால் என் பெயரை எழுதியாகிவிட்டது. நாளைக் காலை அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் போய்விட வேண்டும். வயதான டீச்சரம்மா வந்திருக்கிறார்களே என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்வாள். நான் நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன்.